ஐந்து தோட்டாவின் சாட்சி போதாது

அமெரிக்காவில் நெடுந்தொலைவுத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் இறங்குகிறவர்கள் பலர் கடையில் விற்கும் தோட்டாவை வாங்குவதில்லை. பித்தளைக் கூடு, மருந்து, குண்டு, பிரைமர் என்ற நான்கையும் தனித்தனியே வாங்கித் தாமே தோட்டா தயாரித்துக்கொள்கிறார்கள். இந்த நான்கில் ஆகச் சிறியது பிரைமர். கூட்டின் அடியில் நடுவே பதிந்திருக்கும் சிறு உலோகக் கிண்ணம் அது. துப்பாக்கியின் ஊசி அதன் முதுகில் குத்தும்போது உள்ளிருக்கும் வெடிகலவை பற்றிக்கொண்டு மருந்துக்குத் தீ வைக்கிறது. ‘ஸ்மால் ரைஃபிள்’ எனப்படும் ரகத்தின் விட்டம் ஏறத்தாழ 4.45 மில்லிமீட்டர்தான். ஆனால், ஃபெடரல் 205எம் சிறந்ததா, சி.சி.ஐ. 450 சிறந்ததா, ரெமிங்டன் 7½ சிறந்ததா என்ற வாக்குவாதத்துக்கு மட்டும் முடிவே இல்லை. எல்லோரும் சுட்டுப் பார்த்த ஆதாரத்தோடுதான் பேசுகிறார்கள். ஒவ்வொருவருடைய ஆதாரமும் வெவ்வேறு பிரைமருக்கு மகுடம் சூட்டுகிறது. ஆதாரங்கள் இப்படி ஒன்றோடொன்று மோதினால், ஆதாரம் திரட்டும் முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐந்து தோட்டா சுட்டு, வந்த எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதே அந்த முறை. அது கைவிடப்பட வேண்டும். பாதுகாப்பு, ஒரே தொகுதிச் சரக்கு, தொடர்ந்து கிடைக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் வைத்துப் பிரைமரைத் தேர்ந்துகொண்டு, துல்லியத்தைப் பற்றிய தீர்ப்பைப் போதிய சாட்சி சேரும்வரை தள்ளிவைப்பதே அறிவுடைமை.

நம் வாசகருக்குத் துப்பாக்கிச் சுடுதல் என்றதும் நினைவுக்கு வருவது ஒலிம்பிக். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது காற்றழுத்தத் துப்பாக்கியில்; அதில் மருந்தே கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது .22 ரிம்ஃபயர் துப்பாக்கியில். அந்தத் தோட்டாவில் வெடிகலவை கூட்டின் விளிம்புக்குள் ஆலையிலேயே அடைக்கப்பட்டுவிடும், சுடுபவர் அதை மாற்ற வழியில்லை. நடுவில் தனிப் பிரைமர் பொருத்தும் தோட்டாவில்தான் இந்தத் தேர்வே எழுகிறது. வெடிகலவையைத் தட்டித் தீ மூட்டும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். 1866இல் பிரிட்டனின் எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்காவின் ஹைரம் பெர்டனும் இருவேறு வடிவங்களைத் தந்தார்கள். பெர்டன் வடிவில் கலவை நசுங்குவதற்கான பட்டடை கூட்டிலேயே இருக்கும். பாக்ஸர் வடிவில் அது பிரைமருக்குள்ளேயே அடங்கிவிடும், கூட்டின் நடுவில் ஒரே ஒரு துளை போதும். அந்தத் துளை வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தினால் பழைய பிரைமர் வெளியே வந்துவிடும்; புதியதை அழுத்திப் பொருத்தலாம். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் வடிவம் அமெரிக்காவிலும் அமெரிக்கர் வடிவம் ஐரோப்பாவிலும் வேரூன்றின. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தோட்டா கட்டும் பழக்கம் தழைத்ததற்கு இந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

இவ்வளவு சிறிய பொருளின் மேல் இத்தனை கவனம் மூடநம்பிக்கை அல்ல. பிரைமரின் சுடர் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக இருந்தால் மருந்து ஒரே சீராகப் பற்றும்; குண்டு குழலைவிட்டு வெளியேறும் வேகமும் ஒரே சீராக இருக்கும். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா 140 கிரெய்ன் எடையுள்ள குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் அனுப்புகிறது. அந்த வேகத்தில் 10 அடி கூடினாலும் குறைந்தாலும் 100 கஜத்தில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. 1,000 கஜத்திலோ குண்டு இரண்டு முதல் மூன்று அங்குலம் மேலேயோ கீழேயோ போய் விழும். எஃப்-கிளாஸ் போட்டியில் 1,000 கஜ இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குல விட்டமுடையது. அதற்குள்ளிருக்கும், சமநிலையை முறிக்கும் வளையம் 5 அங்குலம். அங்கே இரண்டு அங்குலம் சிறிய தொகை அல்ல. சிறிய பிரைமருக்கு நற்பெயரும் உண்டு. 1970களில் லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6 பி.பி.சி. தோட்டா சிறிய பிரைமரோடுதான் துப்பாக்கியை மேசைமேல் தாங்கிவைத்துச் சுடும் குறுந்தொலைவு பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் கோலோச்சியது. 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் பெரிய பிரைமருக்கானது. பின்னால் பின்லாந்தின் லாபுவா அதே தோட்டாவுக்குச் சிறிய பிரைமரும் 1.5 மில்லிமீட்டர் தீத்துளையும் கொண்ட கூட்டைச் செய்தபோது துல்லியம் தேடுவோர் அதை நாடினார்கள். ஆக, பிரைமர் பொருட்டே இல்லை என்பது என் வாதம் அல்ல. எந்தப் பிரைமர் எவ்வளவு பொருட்டு என்று தெரிந்துகொள்ளும் வழி பிழையானது என்பதே வாதம்.

அந்த வழி இதுதான். நாலைந்து வகைப் பிரைமர்களை வாங்குவார்கள். கூடு, மருந்து, குண்டு மூன்றையும் மாற்றாமல் ஒவ்வொரு பிரைமரிலும் ஐந்து தோட்டா கட்டிச் சுடுவார்கள். வேகமானி ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் காட்டும். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதற்கு நம் பள்ளிக் கணக்கில் திட்ட விலக்கம் என்று பெயர். ஒரு பிரைமருக்கு அது 6 அடி, இன்னொன்றுக்கு 12 அடி என்று வந்தால் முதலாவது வென்றதாக முடிவு கட்டுவார்கள். கருவியில் குறையில்லை, டாப்ளர் ரேடாரில் இயங்கும் கைக்கடக்கமான வேகமானிகள் இன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன, அவற்றின் அளவீடு நம்பத்தக்கது. குறை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஒரே நீரில் ஒரே நேரம் வெந்த சோற்றின் பதத்தை ஒரு பருக்கை சொல்லிவிடும். ஆனால், பருக்கைக்குப் பருக்கை எவ்வளவு வேறுபாடு என்று கேட்டால் ஒரு பருக்கையால் பதில் சொல்ல முடியாது, ஐந்தாலும் முடியாது. சுடுபவர் பிரைமரிடம் கேட்பது இந்த இரண்டாவது கேள்வியை. சராசரியைக் காண்பதைவிடச் சிதறலைக் காண்பதற்கு மிகுதியான சாட்சிகள் வேண்டும்.

எவ்வளவு மிகுதி என்பதைக் கணக்கே சொல்லிவிடும். வேகங்கள் வழக்கமான மணிவடிவப் பரவலில் அமைகின்றன என்று கொள்வோம். ஐந்து தோட்டாவில் திட்ட விலக்கம் 10 அடி என்று வந்தால், உண்மையான விலக்கம் 95 விழுக்காடு உறுதியோடு 6 அடிக்கும் 29 அடிக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். மிகச் சிறந்த தோட்டாவும் குப்பைத் தோட்டாவும் ஒருசேர அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். பத்துத் தோட்டா சுட்டால் இடைவெளி 7 முதல் 18 வரை சுருங்கும். முப்பது சுட்டால் 8 முதல் 13 வரை. இரண்டு பிரைமர்களை ஒப்பிடும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரே பெட்டிப் பிரைமர்களை இரண்டாகப் பிரித்து, அவற்றுக்கு இரு பெயர் வைத்து, பெயருக்கு ஐந்தாகச் சுட்டுப் பார்ப்பதாகக் கற்பனை செய்வோம். இரண்டும் ஒன்றேதான். இருந்தும், இந்தச் சோதனையை 100 முறை நடத்தினால் ஏறத்தாழ 45 முறை ஒன்றின் விலக்கம் மற்றதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தெரியும்; 21 முறை இரு மடங்குக்கு மேல் தெரியும். அதாவது 6 அடிக்கும் 12 அடிக்கும் உள்ள வேறுபாட்டைக் குருட்டு வாய்ப்பே ஐந்தில் ஒரு முறை உண்டாக்கிக் காட்டும். ஐந்தாக ஐந்தாகச் சுட்டு, வேறுபாடு உண்டு என்று வழக்கமான அறிவியல் உறுதியோடு சொல்ல ஒன்றின் விலக்கம் மற்றதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தாக வேண்டும். பிரபலமான இரண்டு பிரைமர்களுக்கு நடுவே அத்தனை பெரிய இடைவெளியை எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

வகைகளின் எண்ணிக்கை கூடக் கூட ஏமாற்றமும் கூடுகிறது. தாளில் விழும் துளைகளையே எடுத்துக்கொள்வோம். முற்றிலும் ஒரே மாதிரியான ஆறு தோட்டா வகைகளை ஐந்தைந்தாகச் சுட்டால், ஆறில் மிகப் பரந்த துளைக் கூட்டம் மிக நெருங்கிய கூட்டத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அகலமாக இருப்பது சாதாரணம். சுடுபவர் நெருங்கிய கூட்டத்தைத் தந்த பிரைமரை ‘என் துப்பாக்கிக்குப் பிடித்தது’ என்று எழுதிவைப்பார். அடுத்த வாரம் அதே பிரைமர் சுமாராகத்தான் சுடும். அவர் காற்றையும் வெயிலையும் தன் தோளையும் குறை சொல்வார். உண்மையில் நடந்தது, அதிர்ஷ்டத்தால் உயர்ந்து தெரிந்த எண் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பியதுதான். சிறு மாதிரிகளின் இந்தப் பொறியை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் அளந்து காட்டியிருக்கிறார். டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், நாலைந்து அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்து தொடங்கி, 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். இன்றைக்கும் புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் டி-சோதனை அதிலிருந்து பிறந்தது. மதுவாலை அன்றே கற்ற பாடத்தை, ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள துப்பாக்கிக்குப் பின்னால் படுத்திருப்பவர் இன்னும் கற்காமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

அப்படியானால் பிரைமரைத் தேர்ந்தெடுக்க நம்பகமான அடிப்படையே இல்லையா? இருக்கிறது. அது தயாரிப்பாளரின் தாளிலேயே இருக்கிறது, சுட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. முதலில் கிண்ணத்தின் தடிமன். சிறிய ரைஃபிள் பிரைமரும் சிறிய கைத்துப்பாக்கிப் பிரைமரும் ஒரே விட்டம்; குழிக்குள் இரண்டும் பொருந்தும். ரைஃபிளுக்கானதன் சுவர் தடித்தது. ரைஃபிள் பிரைமர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சி.சி.ஐ. 400 வகையின் கிண்ணம் 0.020 அங்குலம், அதே நிறுவனத்தின் 450, பி.ஆர்.4, 41 ஆகியவற்றுக்கு 0.025 அங்குலம். ரெமிங்டனின் 6½ வகை .22 ஹார்னெட் போன்ற மிதமான தோட்டாக்களுக்கானது; .223 தோட்டாவில் அதைப் பயன்படுத்த வேண்டாம், 7½ பயன்படுத்துங்கள் என்று நிறுவனமே சொல்கிறது. .223க்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு, 6.5 கிரீட்மோருக்கு 62,000. அந்த அழுத்தத்தில் மெல்லிய கிண்ணம் ஊசி குத்திய இடத்தில் துளைபட்டால் கொதிக்கும் வாயு பின்னோக்கி, சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். அடுத்தது உணர்திறன். ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கியில் ஊசி விசைவில்லால் பிடித்துவைக்கப்படாமல் தளர்ந்திருக்கும். தோட்டா உள்ளே ஏறும் வேகத்தில் ஊசி பிரைமரைத் தானே மெல்லத் தட்டும். எம்-16 ராணுவத்துக்கு வந்த 1960களிலேயே இதனால் தானாகத் தோட்டா வெடிக்கும் சிக்கல் எழுந்து, ஊசியின் எடை குறைக்கப்பட்டது. சி.சி.ஐ. 41 போன்றவை இத்தகைய துப்பாக்கிகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. மூன்றாவது சுடரின் வீரியம். பற்றக் கடினமான மருந்துக்கும் கடுங்குளிருக்கும் ‘மேக்னம்’ வகை உதவும்; பெரிய கூட்டில் சிறிய பிரைமர் உறைகுளிரில் திணறக்கூடும்.

இந்த இடத்தில் சொந்தச் சோதனை எவ்வளவு கைகொடுக்கும் என்பதையும் பார்க்கலாம். ஒரு பிரைமரில் முப்பது தோட்டா சுட்டு ஒன்றுகூட ஏமாற்றவில்லை என்றால் அது நம்பகமானது என்று தோன்றும். ஆனால், முப்பதில் பிழையே இல்லை என்பதிலிருந்து, பிழை விகிதம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இராது என்பதை மட்டுமே 95 விழுக்காடு உறுதியோடு பெறலாம். நூற்றுக்குப் பத்துத் தோட்டா வெடிக்காத பிரைமரை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆலைகளின் தரச் சோதனையும் தோட்டாக் கையேடுகளின் அழுத்தச் சோதனையும் தனிமனிதர் மேசையால் ஈடுகட்ட முடியாதவை என்பதற்கு இதுவே சான்று. கையேடு ஒவ்வொரு மருந்து அளவோடும் எந்தப் பிரைமர் என்று குறிப்பிடுவதும் அதனால்தான். பிரைமரை மாற்றினால் அழுத்தம் மாறும். மருந்தைக் குறைத்துக்கொண்டு மீண்டும் கீழிருந்து படிப்படியாக ஏற வேண்டும் என்பது அந்தக் கையேடுகளின் மாறாத விதி. ஐந்து தோட்டாச் சோதனைகளில் ஒரே மருந்து அளவில் பிரைமரை மட்டும் மாற்றி மாற்றிச் சுடும் வழக்கம், உச்ச அழுத்தத்தை ஒட்டி நிற்பவருக்கு நேரடி ஆபத்து.

தொகுதி, வரத்து என்ற மற்ற இரண்டும் துல்லியத்தோடு தொடர்பில்லாத கடைக்காரர் கவலைகள் போலத் தோன்றலாம். 2020இன் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் துப்பாக்கி, தோட்டா விற்பனை எகிறியது. அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவால் மனு கொடுத்தது. அதன் தோட்டாத் தொழிலை ஃபெடரலையும் சி.சி.ஐ.யையும் ஏற்கெனவே கையில் வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் வாங்கிக்கொண்டது. அமெரிக்காவின் நான்கு பெரிய பிரைமர்ப் பெயர்களில் மூன்று ஒரே கூரையின்கீழ் வந்தன; எஞ்சியது வின்செஸ்டர். 2021இல் ரஷ்யத் தோட்டாப் பொருள்களின் இறக்குமதிக்குப் புதிய அனுமதியை அமெரிக்க அரசு நிறுத்தியது. துல்லியம் தேடுவோர் பலர் நம்பியிருந்த ரஷ்யப் பிரைமர்கள் கடைகளில் அருகிப்போயின. ஆயிரம் பிரைமர் 30, 40 டாலருக்குக் கிடைத்த காலம் போய் 100 டாலருக்கும் மேல் கொடுத்து, கிடைத்ததை அள்ளும் நிலை வந்தது. 2024 நவம்பரில் விஸ்டாவின் தோட்டாத் தொழில் செக் நாட்டின் சி.எஸ்.ஜி. குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. இத்தகைய சந்தையில், ஐந்து தோட்டா வாய்ப்பில் ‘வென்ற’ பிரைமரை ஒரு பெட்டி மட்டும் வாங்கி, அதைச் சுற்றித் தன் முழு ஏற்பாட்டையும் கட்டுபவர், அடுத்த பெட்டி கிடைக்காதபோது பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார். ஆலையிலிருந்து ஒரே கலவையில் வந்த ஒரே தொகுதி எண் கொண்ட சரக்கைக் குழலின் ஆயுளுக்குப் போதுமான அளவு வாங்கிவைத்தவரிடம், ஒரு மாறி குறைவு. மாறிகளைக் குறைப்பதுதான் துல்லியத்தின் முதல் இலக்கணம். வாங்கியதை ஆலை அடைத்த அட்டைத் தட்டிலேயே வைத்திருப்பதும் அவசியம். பிரைமர்களைப் போத்தலில் கொட்டிவைத்தால் ஒன்று வெடிக்க மற்றவையும் சேர்ந்து வெடிக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான மறுப்பு, வெற்றியாளர்களின் பழக்கம். பெஞ்ச்ரெஸ்ட் ஆட்டக்காரர்களில் பலர் ஃபெடரல் 205எம் வைத்திருக்கிறார்கள், பி.ஆர்.எஸ். என்ற நெடுந்தொலைவுப் போட்டித் தொடரில் சுடுபவர்களில் பலர் சி.சி.ஐ. 450 வைத்திருக்கிறார்கள், அவர்கள் எல்லோருமா ஏமாந்தவர்கள் என்று கேட்கலாம். அவர்கள் தேர்வு தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், வெற்றிக்குப் பிரைமர்தான் காரணம் என்று அந்தப் பழக்கம் நிறுவுவதும் இல்லை. முதல் வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பிரைமரைச் சுட்டால், கடைசி வரிசையில் இருப்பவர்களும் அதையே பார்த்து வாங்கியிருப்பார்கள். கடைசி வரிசையின் பிரைமர் எது என்று எவரும் பட்டியல் போடுவதில்லை. 1,000 கஜத்தில் காற்றின் வேகத்தை மணிக்கு ஒரு மைல் தவறாகக் கணித்தால் மேற்சொன்ன குண்டு ஏறத்தாழ ஆறு அங்குலம் பக்கவாட்டில் விலகும். வெற்றியாளரைப் பிரித்துக் காட்டுவது இந்தக் கணிப்பு. இன்னொரு கணக்கும் உண்டு: சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடுகின்றன. துப்பாக்கியும் குண்டும் மட்டுமே 1,000 கஜத்தில் 2.5 அங்குலச் செங்குத்து விலக்கம் தருவதாகக் கொள்வோம். வேகத்தின் திட்ட விலக்கத்தை 10 அடியிலிருந்து 6 அடியாகக் குறைத்தால் மொத்தச் செங்குத்துச் சிதறல் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். அது உழைப்புக்கு உரிய பலன். 6ஐ 5 ஆக்கினால் கிடைப்பது 4 விழுக்காடு. பிரைமர் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை ஆதாயத்துக்காகவே நடக்கின்றன. அந்த ஆதாயம் உண்டா இல்லையா என்பதையே ஐந்து தோட்டாவால் காட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது. அதில் நியாயம் இருக்கிறது. ஆறு பிரைமருக்கு முப்பது வீதம் சுட்டால் 180 தோட்டா. வேகமான 6 மில்லிமீட்டர் ரகக் குழல் ஒன்றின் உச்சத் துல்லியம் இரண்டாயிரத்தைச் சுற்றிய எண்ணிக்கையிலேயே தேயத் தொடங்கிவிடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கைப் பிரைமர் சோதனைக்கே கொடுப்பதா? வேண்டியதில்லை. எப்படியும் பயிற்சிக்காகச் சுடும் தோட்டாக்களையே சாட்சிகளாக்கலாம். ஒவ்வொரு நாளும் ஐந்து ஐந்தாகச் சுட்டாலும், எண்களைத் தூக்கியெறியாமல் குறித்துவைத்து, ஒவ்வொரு ஐந்தின் உள்விலக்கத்தையும் கணக்குப்படி ஒன்றுசேர்த்தால், ஆறு நாள் பயிற்சி ஏறத்தாழ 25 தோட்டாவின் வலுவைத் தந்துவிடும். இரண்டு பிரைமர்களை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றைச் சுட்டு முடித்துவிட்டு மற்றதைத் தொடங்காமல், மாற்றி மாற்றிச் சுட வேண்டும். குழலின் சூடும் காற்றின் திசையும் மாலை வெளிச்சமும் இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகைகளைக் குறைக்க வேண்டும். கிண்ணத்தின் வலு, துப்பாக்கியின் ஊசி, மருந்தின் தன்மை, கடையின் இருப்பு ஆகிய நான்கு சல்லடைகளில் சலித்தால் ஆறில் நான்கு தாமே விழுந்துவிடும். எஞ்சும் இரண்டை நன்றாகச் சோதிப்பது ஆறையும் அரைகுறையாகச் சோதிப்பதைவிட மலிவு. சோதித்து வேறுபாடு தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு முடிவுதான்: மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பதை வாங்கலாம்.

மூன்றாவது மறுப்பு, இது வெறும் பொழுதுபோக்கு, ஒருவர் தனக்குப் பிடித்த பிரைமரை நம்புவதால் யாருக்கு நட்டம் என்பது. நம்பிக்கை அவரோடு நின்றால் நட்டம் இல்லை. அது பரிந்துரையாகப் பரவுகிறது. இன்னொருவர் வேறு துப்பாக்கியில், வேறு மருந்து அளவில், அந்தப் பிரைமரை அப்படியே மாற்றிப் போடுகிறார்; அழுத்தம் எல்லை தாண்டினால் விலை அவர் கண். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரே பெயருக்கு எல்லோரும் முண்டியடிக்க, சமமான மற்றொன்று அலமாரியில் தூங்குகிறது. உற்பத்தியாளர்களுக்கும் இது வசதி. உண்மையான சீர்மையை அளந்து வெளியிடுவதைவிட, ‘மேட்ச்’ என்ற சொல்லைப் பெட்டியில் அச்சடிப்பது சுலபம். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. .22 ரிம்ஃபயர் உலகில் சுடுபவரால் தோட்டாவின் உள்ளுறுப்புகளை மாற்ற முடியாததாலேயே, சரக்குத் தொகுதியைச் சோதித்து வாங்கும் ஒழுங்கு வளர்ந்தது. இங்கிலாந்தின் எலே போன்ற நிறுவனங்கள் சோதனைக் கூடங்களை வைத்திருக்கின்றன. போட்டியாளர் தன் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார். அங்கே கேள்வி எந்த நிறுவனம் என்பதோடு நிற்பதில்லை, எந்தத் தொகுதி என்பது வரை போகிறது. பிரைமர் விற்பவர்களும் தொகுதிவாரியாகச் சோதனை எண்களை, எத்தனை தோட்டா சுட்டுப் பெற்றவை என்ற குறிப்போடு வெளியிட்டால், வாங்குபவரின் பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

ஆகவே, துல்லியத்துக்காகச் சிறிய ரைஃபிள் பிரைமர் தேடுபவருக்கு ஒரு முறைவரிசை உண்டு. தன் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் கிண்ணமும் தன் துப்பாக்கி ஊசிக்கு ஏற்ற உணர்திறனும் முதலில். கையேட்டில் அந்த மருந்தோடு சோதிக்கப்பட்ட பிரைமரா என்பது அடுத்து. ஒரே தொகுதியில் நெடுநாளுக்குப் போதுமானது கிடைக்குமா என்பது மூன்றாவது. இவற்றில் தேறியவற்றுக்கிடையேதான் துல்லிய ஒப்பீடு. அதுவும் முப்பதை நெருங்கிய எண்ணிக்கையில், மாற்றி மாற்றிச் சுட்டு. முப்பது சுட்டாலும் ஒன்றின் விலக்கம் மற்றதைப் போல ஒன்றரை மடங்காக இருந்தால்தான் துணிந்து பேச முடியும். அதற்குக் குறைவான வேறுபாட்டை ‘தெரியவில்லை’ என்ற கணக்கில் வைப்பதே நேர்மை. யாராவது ஒரு பிரைமரைப் புகழ்ந்தால் அவரிடம் திட்ட விலக்கம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எத்தனை தோட்டா என்று கேட்க வேண்டும். பதில் ஐந்து என்றால், அவர் சொல்லும் எண் எத்தனை சிறியதாக இருந்தாலும் அதற்காகப் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை.